இடது கையைக் கொடுத்திருக்கலாம்

முதல்லயே பேசிக்கலாம் பாய். வண்டி ரிப்பேர் வேலை முடிஞ்ச பிற்பாடு நீங்க ஒரு விலை சொல்லி, நான் ஒரு விலை சொல்லி, ரெண்டு பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறது வேண்டாம். என்ன, பார்த்துட்டுச் சொல்றீங்களா? அதுவும் சரிதான். பார்க்காம விலை சொல்றவன் திருடன், பார்த்துட்டுச் சொல்றவன் வியாபாரி. நீங்க வியாபாரின்னே வச்சுக்கறேன்.

அதோ, கொட்டகையில சாக்குப் போட்டு மூடியிருக்குதே, அந்த பைக்குதான். இருங்க இருங்க, நான் எடுக்கறேன். தூசி கண்ணுல விழுந்தா அதுக்கும் சேர்த்து விலை சொல்லிடுவீங்க. சும்மா சொன்னேன், சிரிங்க. ரெண்டு வருசம் நாலு மாசம் ஆச்சுங்க இந்தச் சாக்கைப் போட்டு. அதுக்கப்புறம் போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் தொடலை. தொட மாட்டேன்னு இருந்தேன். மாட்டுக்குத் தவிடு எடுக்க இந்தப் பக்கம் வந்தாக்கூட முகத்தை அந்தப் பக்கமா வச்சுக்கிட்டுத்தான் வருவேன். இப்ப மாடும் இல்லை, தவிடும் இல்லை, அது வேற.

இந்த வாரத்துல ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போயிட்டாங்க. அதையும் சொல்லிடறேன். மறைச்சு வச்சு மாடு விக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வாயைத் திறந்து பல்லைக் காட்டிட்டுத்தான் விலையே பேசுவேன். முதல்ல வந்தவன் பிளக்கை மாத்தினான். மாத்திட்டு உதைச்சான், உதைச்சான், அம்பது உதை உதைச்சிருப்பான். கடைசியில என்னைப் பார்த்து, “பெரியவரே, வண்டியை எப்படி வச்சிருந்தீங்க நீங்க?”ன்னான். “உங்கப்பன் உன்னை வச்சிருந்த மாதிரி”ன்னேன். பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். இந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை தாங்காது. ரெண்டாவது ஆள் நல்லவன்தான். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவணும், டேங்கையும் கழட்டி உள்ளே இருக்கிற துருவை எடுக்கணும்னு ஒரு விலை சொன்னான். பாதிக்குக் கேட்டேன். “பாதின்னா பாதி வேலைதாங்க”ன்னான். நானும் விடலை, “செய்யி”ன்னுட்டேன். பாவி, நிசமாவே பாதி வேலை செஞ்சுட்டுப் போயிட்டான். கார்புரேட்டர் பளபளன்னு இருக்குது, டேங்க் அப்படியே நிக்குது.

மோந்து பார்க்கறீங்களா? வார்னிஷ் மாதிரி அடிக்குதில்ல? பெட்ரோல் கெட்டுப்போகும்னே எனக்குத் தெரியாதுங்க. பால் கெடும், பழம் கெடும், மனுசன் கெடுவான். பெட்ரோல் பூமிக்குள்ள எத்தனை காலம் கிடந்தது, அங்கே கெடாதது என் கொட்டகையிலயா கெட்டுது? சரி, ஊத்துங்க கீழே. அந்த வாளியில ஊத்துங்க, மண்ணுல வேண்டாம். டேங்கையும் கழுவிடுங்க. இல்லை, விலை சொல்ல வேண்டாம், கழுவுங்க. நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள இது ஓடியாகணும்.

ஏன் நாளைக்குன்னு கேட்கறீங்களா? நீங்க கையைப் பாருங்க, நான் வாயைப் பார்த்துக்கறேன், சொல்றேன்.

சென்னியப்பன்னு ஒருத்தன். இங்கிருந்து ஏழு கிலோமீட்டர்ல மொட்டப்பாளையம். நானும் அவனும் கூட்டு. மாட்டுத் தரகு. இருபத்திரண்டு வருசம் ஒண்ணாப் போய் ஒண்ணா வந்தோம். இந்த வண்டியும் கூட்டுதான், ஆளுக்குப் பாதி போட்டு எடுத்தது. ஆர்.சி. புத்தகம் என் பேர்ல, ஓட்டறது அவன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஏன் பாய் சிரிக்கறீங்க? ஓட்டத் தெரியாதுன்னா கத்துக்க முடியலைன்னு இல்லை. தரகனுக்குக் கை சும்மா இருக்கணும். ஒருத்தன் கை ஹேண்டில்பார்ல இருந்தா இன்னொருத்தன் கை சும்மா இருக்கணும், அதுதான் கூட்டு. சீட்டைப் பாருங்க, பின்னால ஒரு பள்ளம் இருக்குதே, அது நான்.

அவன் நாளைக்குப் பத்து மணி பஸ்ஸுக்கு ஓசூர் போறான். மக வீட்டோட. திரும்ப வர்ற போக்கு இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பி பொண்டாட்டிகிட்டக் கொடுக்கப் போறானாம். டீக்கடையில சொன்னாங்க. அவன் எங்கிட்டச் சொல்லலை. எங்கிட்ட எதுக்குச் சொல்றான்?

அதான், வண்டியில பாதி அவனுது. அதைக் கொடுத்துட்டா நேராப் போச்சு. பாதி வண்டியை எப்படிக் கொடுக்கறது? முன்சக்கரம் உனக்கு, பின்சக்கரம் எனக்குன்னா? முழுசா ஓட்டிக்கிட்டுப் போய் அவன் வாசல்ல நிறுத்தணும். நீங்கதான் ஓட்டணும், நான் பின்னால உட்கார்ந்துக்குவேன். பஸ்ஸுல போகலாமேன்னு கேட்பீங்க. போக முடியாதுங்க. “இனி உன் வாசல்ல கால் வச்சா நான் எங்கப்பனுக்குப் பிறக்கலை”ன்னு சந்தையில நூறு பேர் முன்னால சொல்லிட்டேன். சொன்ன சொல்லை மாத்த முடியுமா? ஆனா ஒண்ணு யோசிச்சேன். வண்டியில உட்கார்ந்தபடியே வாசலுக்குப் போனா கால் வச்சதாகாது பாருங்க. கால் ஃபுட்ரெஸ்ட்டுலதான் இருக்கும். ஹாரன் அடிச்சா அவனே வெளிய வருவான். வேற யார் வண்டியிலாவது போகலாம்தான். ஆனா எவனோ வந்திருக்கான்னு உள்ளேயே இருந்துக்குவான். இந்த வண்டிச் சத்தம்னா தூக்கத்துலயும் எந்திரிச்சு வருவான். அதுக்காகத்தான்.

என்னது அது? குளவிக்கூடா? சைலன்சருக்குள்ளயா? அட, மண்ணை எப்படி உருட்டி வச்சிருக்குது பாருங்க. வாடகை கொடுக்காம ரெண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்குது. குத்தி எடுங்க, பார்த்து, உள்ளே ஆள் இருக்கப்போகுது.

டீ குடிக்கறீங்களா? பிளாஸ்க்குல இருக்குது. நீங்க வர்றதா சொன்னதும் ரெண்டு டம்ளர் கழுவி வச்சேன். என் வீட்டுக்காரி இங்கே இல்லைங்க. திருப்பூர்ல மக வீட்டுல இருக்கா. பேரனைப் பார்த்துட்டு வர்றேன்னு போனவ, மூணு வருசமாப் பார்த்துக்கிட்டே இருக்கா. அந்தப் பையனுக்கு அப்படி என்னதான் மூஞ்சியோ. நானே சமைச்சுக்குவேன், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இங்கே இருந்தா அது நொட்டை இது நொள்ளைம்பா.

சண்டை எதுக்குன்னு கேட்கலையே நீங்க? கேட்க மாட்டீங்க, நீங்க டீசண்டான ஆள். நானே சொல்றேன்.

நீங்க மாட்டுச் சந்தைக்கு வந்திருக்கீங்களா? இல்லையா. அங்கே நாங்க விலையை வாயால சொல்ல மாட்டோம். கைமேல ஒரு துண்டைப் போட்டுக்குவோம். துண்டுக்கடியில சொல்றவன் விரலை நீட்டுவான், கேட்கறவன் தடவி எண்ணிக்குவான். ஒரு விரல்னா பத்தாயிரம், முழுக்கைன்னா அம்பதாயிரம். சுத்தி நூறு பேர் நின்னாலும் ஒரு ஈக்குக்கூடத் தெரியாது. சென்னியப்பன் விக்கிறவன்கிட்ட நிப்பான், நான் வாங்கறவன்கிட்ட நிப்பேன். அவன் வந்து என் துண்டுக்குள்ள கையை விட்டான்னா முடிஞ்சுது, அவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன். கையைத் தொட்டாப் போதும். வண்டியில வர்றப்பக்கூட அப்படித்தான். காத்துல பேச்சுக் கேட்காது. நான் பின்னால இருந்து அவன் தோள்ல விரலை அமுக்குவேன். நாளைக்கு அந்தச் செவலை மாட்டுக்கு எவ்வளவு கேட்கலாம்? மூணு அமுக்கு. அவன் தலையை ஆட்டுவான். சரி, ரெண்டரை. ஊர் வந்து சேர்றதுக்குள்ள அடுத்த வாரச் சந்தையே முடிஞ்சிருக்கும்.

இப்ப பஸ்ஸுல போனாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது. முன்சீட்டுக் கம்பியைப் பிடிச்சு அமுக்கிக்கிட்டே போவேன். கம்பிக்கு என்ன தெரியும்?

இப்ப என்ன பண்றீங்க, பிளக்கை வெளிய எடுத்து இஞ்சின்மேல வச்சு உதைக்கறீங்களா? பொறி வருதான்னு பார்க்கறதா? வரலையா? புது பிளக்குங்க அது, போன செவ்வாய்க்கிழமைதான் மாத்தினது. பேட்டரி செத்துப்போயிருக்கும். ஓ, கிக்கருக்கு பேட்டரி வேண்டாமா. பாருங்க, இதை அந்த ரெண்டு பேருமே சொல்லலை.

எங்க விட்டேன்? ஆங், கை. அவனுக்கு வலது கையில ஒரு விரல் கிடையாது. மோதிர விரல். பிறவியில இருந்ததுதான், நடுவுல போச்சு. இதே வண்டி, இதே கொட்டகை. செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தான். சந்தைக்கு நேரமாச்சு. அவன் எல்லாம் மெதுவாத்தான் செய்வான், எண்ணெயைக்கூட ஒவ்வொரு கண்ணியா விடுவான், குழந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி. எனக்குக் கோவம். “இப்படி விட்டா பொழுது சாய்ஞ்சிரும்டா மாப்ள, சுத்தினா தானே பரவுது”ன்னு சக்கரத்தை ஒரு சுத்து சுத்தினேன். அவ்வளவுதான். கையை எடுடான்னு சொல்லிட்டுத்தான் சுத்தினேன். சொல்லிட்டுச் சுத்தினேனா, சுத்திட்டுச் சொன்னேனா, இப்ப யாருக்கு ஞாபகம்? செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல விரலை வச்சுக்கிட்டு இருந்தது யார் தப்பு? நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஆறு நாள் கூடவே இருந்தேன். அவன் “விடு மச்சான், ஒம்போது இருக்குதில்ல”ன்னான். அதுக்கப்புறம் துண்டுக்குள்ள இடது கையைத்தான் விடுவான். ஒரு குழப்பமும் இல்லை. நாலு வருசம் ஒரு குழப்பமும் இல்லை.

அந்தத் திங்கக்கிழமை ஒரு கறவை மாடு. மொரட்டு மாடு, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு சுத்துது. அவன் இடது கையில கயிறு. கயித்தை விட்டா மாடு ஓடிரும். வலது கையை என் துண்டுக்குள்ள விட்டான். தடவினேன். நாலு. வாங்கறவன்கிட்ட நாப்பதுன்னேன். அவன் மறுபேச்சுப் பேசாம முன்பணத்தை நீட்டிட்டான். மறுபேச்சுப் பேசாம நீட்டறப்பவே எனக்குச் சுருக்குன்னுது. விக்கிறவன் வந்து, “யாருய்யா நாப்பதுன்னது, நான் அம்பதுக்கு ஒரு பைசா குறைக்கலை”ன்னு குதிக்கிறான். வாங்கறவன், “தரகன் வாக்கு வாக்கா, நாக்கா”ங்கறான். கூட்டம் கூடிப்போச்சு. நாப்பது வருசத்துல ஒருத்தன் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லைங்க. ஒம்போது வயசுல மாட்டுக்குத் தண்ணி காட்டற வேலைக்கு வந்தவன் நான். அடி வாங்கி, உதை வாங்கி, ஒரு பேர் எடுத்து வச்சிருந்தேன். அது போகுது கண்ணுக்கு முன்னால.

எனக்கு வாய் முந்திக்கிச்சு. “கள்ளப்பயலே, விரலை மடக்கி வச்சுக்கிட்டு என்னை ஏமாத்தப் பார்த்தயா”ன்னுட்டேன்.

நீங்க ஏன் பாய் கையை நிறுத்திட்டீங்க? வேலையைப் பாருங்க.

அவன் அந்த வலது கையை எடுத்து, தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சான். விரலை நல்லா விரிச்சு. கூட்டம் பூரா பார்த்துது. அப்பவாவது நான் விட்டிருக்கலாம்னு எங்க மக சொல்றா. எப்படி விடறது, நூறு பேர் பார்க்கறாங்க. “அப்படின்னா இடது கையைக் கொடுத்திருக்கலாமில்ல? நாலு வருசம் கொடுத்த கை இன்னைக்கு எங்க போச்சு?”ன்னேன். நியாயமான கேள்வி பாய். இன்னைக்கும் அதுக்கு எவனும் பதில் சொல்லலை. கயிறு இருந்துச்சும்பாங்க. கயித்தை ஒரு நிமிசம் யார்கிட்டயாவது கொடுத்திருக்கலாம். எங்கிட்டயே கொடுத்திருக்கலாம்.

வண்டிச் சாவியை எடுத்து என் துண்டு மேல வச்சான். கயித்தை மாட்டுக்காரன்கிட்டக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அப்பத்தான் அந்தக் கால் வைக்கமாட்டேன் சத்தியமெல்லாம். அவன் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் காதுல விழுந்துதோ என்னவோ.

அதோட விட்டானா? சந்தை கலைஞ்சதும் ஒரு பையனைப் பிடிச்சு வண்டியை எடுக்கச் சொன்னா, கிளம்ப மாட்டேங்குது. காலையில வர்றப்ப நல்லா ஓடின வண்டி. உதைச்சான், தள்ளினான், நாலு பேர் வந்து தள்ளினாங்க. ஊஹூம். கடைசியில கன்னுக்குட்டி ஏத்தற டெம்போவுல கன்னுக்குட்டி ரெண்டுக்கு நடுவுல கட்டி ஏத்திக்கிட்டு வந்து இங்கே நிறுத்தினேன். கன்னுக்குட்டி ரெண்டும் வழியெல்லாம் சீட்டை நக்கிக்கிட்டு வருது. ஊர் பூரா பார்த்துச் சிரிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்னமோ செஞ்சு வண்டியைக் கெடுத்துட்டுத்தான் சாவியைக் கொடுத்திருக்கான்னு புரிஞ்சு போச்சு. டீக்கடையில சொன்னேன். சந்தையில சொன்னேன். கோயில்ல சொன்னேன். ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லாம? செஞ்சதைச் சொல்லக்கூடாதா?

என்ன? எந்த ஒயர்? கண்ணாடியைப் போட்டுக்கறேன், இருங்க. பச்சையா? கம்பெனி ஒயர் இல்லையா? கருப்பு டேப்பு சுத்தி எவ்வளவு சுத்தமாப் போகுது பாருங்க. அது அவன் கை வேலைதான், டேப்பை அப்படித்தான் சுத்துவான், ஒரு மடிப்பு இருக்காது. எங்க போகுது? ஃபிரேமுக்குள்ளயா?

கட்டாஃப் சுவிட்சா. அப்படின்னா? சாவி போட்டாலும் அந்தச் சுவிட்சு ஆஃப்ல இருந்தா பொறி வராதா. திருட்டுக்காக மறைவா வைக்கறதா. இப்ப சொல்றப்ப ஞாபகம் வருது. சந்தையில மூணு வண்டி அடுத்தடுத்துத் திருட்டுப் போச்சு ஒரு வருசம். அப்ப என்னமோ மாட்டப்போறேன்னான். மாட்டினானா தெரியாது. சொல்லியிருப்பான். அவன் சொல்றது எல்லாத்தையும் நான் காதுல வாங்கினதில்லை. வண்டி நின்னதும் நான் பாட்டுக்கு இறங்கி நடந்துடுவேன், மாட்டைப் பார்க்க. அவன் பின்னால வருவான். இறங்கினப்புறம் வண்டிகிட்ட நின்னு என்ன பண்ணினான்னு இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாள்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லையே.

அப்ப அன்னைக்கும் எப்பவும் போல வந்து நிறுத்தினதும் அதை ஆஃப் பண்ணியிருக்கான். அவ்வளவுதானா? கெடுக்கலையா?

சாவியைக் கொடுத்தவன் அதைச் சொல்லியிருக்கணுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

வேண்டாம்! அறுக்காதீங்க! கட்டிங் பிளேயரைக் கீழே வைங்க பாய். ஒரு வெட்டுல கிளம்பும்னு எனக்கும் புரியுது. ஒருத்தன் கட்டினதை இன்னொருத்தன் அறுக்கக் கூடாது. அதெல்லாம் ஒரு முறை இருக்குது. டேப்பெல்லாம் பிரிச்சு ஒயர் எங்க போகுதுன்னு பார்க்கணும்னா நாளைக்கு மத்தியானம் ஆயிடுமா? ஆகக்கூடாதே. வேற என்ன வழி? மாட்டினவனையே கேட்கறதா.

நம்பர் இருக்குது. செல்லுல இல்லை, அழிச்சுட்டேன். மனசுல இருக்குது. உங்க செல்லுல இருந்து போடுங்க, என் நம்பர்னா எடுக்கமாட்டான். எடுக்கமாட்டான்னுதான் நினைக்கறேன், நான் போட்டுப் பார்த்ததில்லை. ஒன்பது நாலு நாலு மூணு... நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்லக்கூடாது. மெக்கானிக்குங்க, ஒரு பழைய வண்டி வந்திருக்குது, நீங்க மாட்டின சுவிட்சு எங்க இருக்குதுன்னு மட்டும் கேளுங்க. யார் வண்டின்னு கேட்டா? கேட்டா, கேட்டாச் சொல்லுங்க.

அடிக்குதா?

...

என்ன சொன்னான்? டேங்குக்கு அடியில, இடது பக்கம், ஹாரனுக்குப் பின்னால, கட்டை விரல் மட்டும் நுழையற இடம். சரி. அப்புறம்? யார் வண்டின்னு கேட்கலையா? கேட்கவே இல்லையா? நீங்க சொல்லாமலே தெரிஞ்சிருக்கும் பாய். உலகத்துல ஒரே ஒரு வண்டியிலதான் அவன் சுவிட்சு மாட்டியிருக்கான். அப்புறம்? வேற ஒண்ணுமே இல்லையா? பெட்ரோலை மாத்திட்டு உதைக்கச் சொன்னான், அவ்வளவா. ஆள் எப்படி இருக்கான்னு... வண்டிக்காரன் எப்படி இருக்கான்னு கேட்கலை. சரி. கேட்க மாட்டான். பாருங்க, நான் சொன்னேன்ல, அப்படி ஒரு அழுத்தக்காரன்.

குரல் எப்படி இருந்துச்சு?

சரி விடுங்க. விரலை விட்டுப் பாருங்க. இருக்குதா? நான் தொட்டுப் பார்க்கட்டுமா? ஆமா, இருக்குது. எவ்வளவு சின்னது. நீங்களே போடுங்க, எனக்குப் பக்குவம் தெரியாது. அந்தக் கேன்ல இருக்கிற புதுப் பெட்ரோலை ஊத்திக்குங்க. உதைங்க. இன்னொண்ணு. சோக்கை இழுத்துட்டு இன்னொண்ணு...

ஐயோ. ஐயோ, அதே சத்தம்.

புகையைப் பாருங்க, என்ன புகை. குளவி வீட்டு மிச்சமெல்லாம் வெளிய வருது. காதை வச்சுக் கேளுங்க, மூணாவது துடிப்புல ஒரு விக்கல் மாதிரி வரும், வந்துதா? அது எப்பவும் இருக்கும், அதைச் சரி பண்ணிடாதீங்க. கொஞ்சம் ஆக்சிலேட்டரைக் கொடுங்க. போதும் போதும்.

என்ன பாய், இப்பவேவா? நாளைக்குக் காலையிலதானே. இல்லை, நீங்க சொல்றது சரிதான், ஓடறப்பவே போயிட்டா நல்லது. ஏழு கிலோமீட்டர், கால் மணி நேரம். இப்பப் போனா வீட்டுல இருப்பான். சட்டையை மாத்திக்கிட்டு வரட்டுமா?

இருங்க. ஒரு நிமிசம். அதை ஆஃப் பண்ணுங்க.

ஆஃப் பண்ணுங்கன்னு சொல்றேன்ல.

உட்காருங்க, சொல்றேன். இந்த வண்டிதான்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. நான் உங்க பக்கத்துல நிக்கறேன்னும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் சுவிட்சு இருக்கிற இடத்தை மட்டும் சொல்லிட்டு வச்சுட்டான். இப்ப நான் போய் வாசல்ல ஹாரன் அடிச்சா என்ன அர்த்தம்? நான் போனதா ஆயிரும் பாய். கால் கீழே வைக்கலைன்னாலும் நான் போனதாத்தான் ஆகும். எவனும் காலைப் பார்க்க மாட்டான். எனக்கு இவ்வளவு நேரம் இது தோணலை. வியாபாரத்துல முதல்ல நடந்து போறவன் விலையைக் குறைச்சவன். அவன் வரட்டும். அவன் வந்தா அவன் வந்ததா ஆகும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், டீ கொடுப்பேன், இங்கே உட்கார வைப்பேன், வண்டியை எடுத்துக்கிட்டுப் போடாம்பேன். முழுசாவே கொடுத்துடுவேன், பாதி என்ன பாதி.

நீங்க ஒண்ணு செய்யணும். இன்னொரு தடவை ஃபோன் போடுங்க. சுவிட்சைப் போட்டும் கிளம்பலைன்னு சொல்லுங்க. மூணு மெக்கானிக் பார்த்தாச்சு, மாட்டின ஆள் நேர்ல வந்து கையை வச்சாத்தான் ஆகும்போல இருக்குதுன்னு சொல்லுங்க. பொய்தான். பொய்யில்லைன்னு யார் சொன்னது? நான் மாடு வித்தப்ப சொல்லாத பொய்யா? இதுல யாருக்கு என்ன நட்டம்? உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா விலையை நீங்களே சொல்லுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். என் வாழ்க்கையில இந்த வார்த்தையை யார்கிட்டயும் சொன்னதில்லை பாய்.

போடுங்க. மெதுவாப் பேசுங்க. கெஞ்சற மாதிரி வேண்டாம்.

...

என்ன சொன்னான்?

பழைய இரும்புக்குப் போடச் சொன்னானா. அப்படியே சொன்னானா? “கிளம்பலைன்னா பழைய இரும்புக்குப் போடச் சொல்லுங்க”ன்னா? “போடச் சொல்லுங்க”ன்னானா, “போட்டுடுங்க”ன்னானா? போடச் சொல்லுங்க. அப்ப எனக்குத்தான் சொல்லியிருக்கான். உங்களுக்கில்லை. நான் நிக்கறேன்னு தெரிஞ்சுதான் சொல்லியிருக்கான்.

பரவால்லைங்க. நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போடறீங்க? உங்களுக்குச் சந்தை தெரியாது. முதல் வார்த்தை அப்படித்தான் வரும். உன் மாடு எனக்கு வேண்டாம், கசாப்புக்கு ஓட்டிக்கிட்டுப் போம்பான். அப்படிச் சொல்லிட்டுப் போயிட்டான்னா அது வேற. சொல்லிட்டு அங்கேயே நின்னான்னா அவன்தான் வாங்கற ஆள். எத்தனை பார்த்திருக்கேன். அதனால இதைச் சொல்லுங்க. இரும்புக்குப் போடச் சொல்லுங்கன்னு சொன்னதும் ஃபோனை டக்குன்னு வச்சானா, கொஞ்சம் இருந்துட்டு வச்சானா?

இருந்தானா? நிசமா? எனக்காகச் சொல்லலையே?

எவ்வளவு நேரம் இருந்தான்? ஒரு மூச்சு விடற நேரமா. ஒண்ணுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாய், உங்க காதுலதானே இருந்துச்சு. ரெண்டு இருக்காதா? ஒண்ணுதாங்கறீங்க. அட, இதுல போய் இவ்வளவு கறாராப் பேசறீங்களே. சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஒண்ணரைன்னு வச்சுக்கலாம்.